சீதனமாக வந்த கெண்டி

மஹ்புபாவின் கையில் கட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. துப்புரவுப் பெண் மைராம் கெண்டியைச் சாய்த்து வெதுவெதுப்பான தண்ணீரைத் துளித்துளியாக விட்டாள். துணி ஊறி இளகியது. நான் ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்துக்கொண்டே வந்தேன். கடைசிச் சுற்றில் அந்த வாடை மூக்கில் ஏறியது.

அழுகல் நாற்றமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இது தித்திப்பான வாடை. திராட்சையை மூடிவைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அது. துணியின் உட்புறத்தில் பச்சை படிந்திருந்தது. இருபத்தேழு வருஷமாகத் தீக்காய வார்டில் குப்பை கொட்டுகிறவளுக்கு அது என்ன கிருமி என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

"என்ன எஜே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் மஹ்புபா.

"என் மூஞ்சி பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். கையை ஆட்டாம படு."

எங்கள் கிர்கிஸ் பேச்சில் எஜே என்றால் அக்கா. டாக்டர் குபாத்தைத் தவிர இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் எஜேதான். ஜிபார் என்று எனக்கொரு பெயர் இருப்பதையே மறந்திருப்பார்கள். கட்டுப் போடுவதும் என் வேலை, வார்டில் தொற்று வராமல் காவல் காப்பதும் என் வேலை. இரண்டாவது வேலையால்தான் என்னைக் கண்டால் எல்லோரும் ஓடுவார்கள்.

மஹ்புபாவுக்கு முப்பத்தொரு வயது. பஜார் முனையில் அவள் சுடும் ரொட்டிக்கு விடிந்ததுமே ஆள் நிற்கும். தந்தூர் அடுப்புக்குள் தோள்வரை கையை விட்டு, சுவரில் மாவை அறைந்து ஒட்டுகிற வேலை. டிசம்பர் கடைசியில் சட்டைக் கையில் தீப்பிடித்து, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வெந்துபோனது. புருஷன் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், இரண்டு வருஷமாகப் பேச்சு மூச்சில்லை. மூன்று பிள்ளைகள். வலது கை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

டாக்டர் குபாத் அவள் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியிருந்தார். நேற்று முன்தினம் வரை இளஞ்சிவப்பாகப் பிடித்துக்கொண்டு வந்த தோல் இன்று நனைந்த காகிதமாகக் கரைந்துகொண்டிருந்தது. அவர் வந்து பார்த்தார், அவளிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினார், என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நாலாவது கேஸ், ஜிபார்."

"எண்ணத் தெரியும் டாக்டர்."

"டிசம்பர்ல அந்த ஆட்டுக்காரப் பெரியவர் செத்தார். மத்த ரெண்டு பேரு தப்பிச்சது அதிர்ஷ்டம். இது ரத்தத்துல ஏறிடுச்சுன்னா ஆளையே தூக்கிடும். அடுத்த திங்கள் வரைக்கும் பாக்குறேன். அடங்கலேன்னா முழங்கைக்கு மேல எடுத்துடுவேன்."

"அவ ரொட்டி சுடுறவ."

"உயிரோட இருந்தா வேற ஏதாவது சுடுவா," என்றார். சொன்ன பிறகு அவருக்கே பிடிக்கவில்லை போலும், மோதிரத்தைத் திருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்று திங்கள். ஏழு நாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வார்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்தேன். யாரைப் பார்த்தாலும் அவன் கைதான் முதலில் கண்ணில் பட்டது.

முதல் சந்தேகம் டாக்டர் குபாத்தின் மேலேயே. வழியில் பார்க்கிற ஆண்பிள்ளை ஒருவன் விடாமல் கைகொடுக்கிற மனுஷன். கேட்டால், "நீட்டுன கையை விட்டுட்டுப் போனா நாளைக்கு ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?" என்பார். இரண்டாவது சந்தேகம் மஹ்புபாவின் மாமியார் மேல். தினமும் போர்வைக்குள் ஒளித்து ஆட்டுச்சாறு கொண்டுவருகிற கிழவி. அன்றைக்கு வாசலிலேயே மடக்கினேன்.

"எத்தனை தடவை சொல்றது? வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாது!"

"உங்க கஞ்சியைக் குடிச்சா கை வளராது மகளே, வால்தான் வளரும்," என்றாள் கிழவி. கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாற்றில் ஒரு கரண்டி எடுத்துப் புட்டியில் அடைத்துக்கொண்டு, பானையை விட்டுவிட்டேன்.

கைகழுவுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் நான் ஜெயித்தவள். நவம்பரில் குழாய்க்கு வெந்நீர் தருகிற கொதிகலன் படுத்துவிட்டது. குழாயைத் திறந்தால் மலையிலிருந்து நேராக இறங்குகிற தண்ணீர், எலும்பு வரை குத்தும். நர்ஸுகள் விரல்நுனியை நனைத்துவிட்டு ஓடினார்கள். கத்திப் பார்த்தேன், சுவரில் எழுதி ஒட்டிப் பார்த்தேன். கடைசியில் வீட்டிலிருந்து என் கெண்டியைக் கொண்டுவந்தேன். கல்யாணத்தில் என் அம்மா சீதனமாகத் தந்த செம்புக் கெண்டி. வாத்துக் கழுத்து மாதிரி நீண்ட மூக்கு, வயிற்றில் பூவேலை. கொதிக்கவைத்த தண்ணீரை அதில் ஊற்றி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தால் நாள் முழுக்க இதமான சூடு.

விருந்துக்குப் போனால் எப்படியோ அப்படியே வார்டிலும். வயதில் சின்னவள் ஊற்ற வேண்டும், மற்றவர்கள் கழுவ வேண்டும். மைராம் அந்த வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். தண்ணீர் ஊற்றுகிறவளைக் கழுவுகிறவர்கள் வாழ்த்த வேண்டுமே! "உன் தளிர் தழைக்கட்டும்" என்பார்கள். பதினோரு வருஷமாகப் பிள்ளையில்லாதவள் மைராம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த வாழ்த்தைக் கேட்டு, நாற்பது தடவையும் முகம் சிவந்து ஆமீன் சொல்வாள்.

பொதுத் துண்டு கிடையாது. நான் முட்டாள் இல்லை. ஆளுக்கொரு துண்டு, தினமும் வேகவைத்தது. மூன்றே வாரத்தில் கைகழுவுகிறவர்கள் இரட்டிப்பானார்கள். நிர்வாகம் எனக்கொரு பாராட்டுத் தாள் கொடுத்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன்.

செவ்வாய் காலையில் வார்டு முழுக்க நானே பஞ்சுக்குச்சியால் துடைத்து மாதிரி எடுப்பதென்று முடிவு செய்தேன். திங்கள் மாலையே மைராமிடம் சொல்லிவைத்தேன். காலையில் வந்தபோது தரை குளோரின் வாடையில் மின்னியது. தேநீர்ச் சமோவாரையும் எங்கள் செருப்புகளையும் கெண்டியையும் காணோம். எல்லாம் துணி அலமாரிக்குள் போயிருந்தன. மேலிடத்து ஆட்கள் சோதனைக்கு வருகிற நாளில், விதிப்புத்தகத்தில் இல்லாததெல்லாம் அலமாரிக்குள் போய்விடும். முப்பது வருஷப் பழக்கம். எனக்கும் அது தப்பாகவே படவில்லை. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குழாய், தொட்டி, கட்டில் கம்பி, மேசை, டாக்டரின் மோதிரம், கிழவியின் சாறு, மஹ்புபாவின் சீழ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஓஷ் நகரத்துப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் லூத்மிலாவிடம் கொடுத்தேன். கிருமி வளர்த்துப் பார்ப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். வாயும் என் வாய்க்கு நிகர்.

வியாழக்கிழமை கூப்பிட்டாள். போனேன். வட்டத் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். பச்சைப் படலம், அதன்மேல் பத்து மருந்து வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாமல் ஒரு வெற்று வளையம் விழும். ஒன்பது வில்லைகளை உரசிக்கொண்டு கிருமி செழித்திருந்தது. பத்தாவதைச் சுற்றி மட்டும் நகத்தளவு வளையம்.

"இந்த ஒண்ணுதான் மிச்சம்," என்றாள். "பழைய மருந்து. கிட்னியைப் பதம் பாக்கும். பிஷ்கெக்லதான் கிடைக்கும்."

"மத்ததெல்லாம் எப்படிப் போச்சு?"

"என்னையா கேக்குற? வந்தவன் போனவன் எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக்கை உப்பு மாதிரி தூவுனது யாரு? ஜுரம் இல்லாதவனுக்கும் 'எதுக்கும் இருக்கட்டும்'னு ஒரு ஊசி. எல்லாத்துலயும் தப்பிச்சதுதான் இப்ப உங்க வார்டுல குடித்தனம் நடத்துது."

"அவ வீட்டுலேர்ந்து கொண்டாந்திருப்பா."

"நாலு பேரோடதும் ஒரே ஜாடை, ஜிபார். நாலு வீட்டுல ஒரே புள்ளை பொறக்குமா?"

"அப்ப டாக்டர் மோதிரமா? சாறா?"

"எல்லாம் சுத்தம். சாறு பிரமாதம், மிச்சம் இருந்தா கொண்டா. உன் வார்டே சொர்க்கம் மாதிரி இருக்கு. அதான் எனக்குச் சந்தேகம்." கண்ணாடியைக் கழற்றினாள். "சொல்லிட்டு எடுத்தியா, சொல்லாம எடுத்தியா?"

நான் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"போ. யாருகிட்டயும் சொல்லாம கையில எடு. கழுவுறதுக்கு முன்னாடி ஒண்ணு, கழுவுனப்புறம் ஒண்ணு. உன் கையிலேர்ந்து ஆரம்பி."

"என் கையா?"

"ஏன், உன் கைக்குக் கிரீடமா வெச்சிருக்கு?"

காது சுட்டது. ஆனால் செய்தேன். திரும்பி வந்ததும், கட்டுப் போடும் நேரத்தில், நான், டாக்டர், இரண்டு நர்ஸுகள். கழுவுவதற்கு முன்னால் துடைத்தேன். மைராம் ஊற்றினாள், நாங்கள் கழுவினோம், அவளை வாழ்த்தினோம். மறுபடி துடைத்தேன்.

"கைரேகை ஜோசியமா?" என்றார் டாக்டர்.

"ஆமா. உங்களுக்கு வாய்தான் கண்டம்னு வந்திருக்கு."

குச்சிகளை அன்றே டாக்சியில் லூத்மிலாவுக்கு அனுப்பினேன். மருந்தும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வியாழன் மாலையே கிளம்பிவிட்டது. கணவாயில் பனிச்சரிவு, வண்டி அங்கேயே நின்றது. வெள்ளி முழுவதும் ஓட்டுநருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். "எஜே, பனிக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?" என்று அழாத குறையாகக் கேட்டான். மஹ்புபாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. படுக்கையருகே யாரோ தலைகீழாக வைத்துவிட்டுப் போன ரொட்டியை இடது கையால் எட்டித் திருப்பி வைத்தாள். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது எங்கள் பக்கம் பாவம்; அந்த நிலையிலும் அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"மத்தவங்க கட்டுப் போட வேணாம். நீங்களே வாங்க," என்றாள். "நீங்கதான் ஒவ்வொரு தடவையும் கை கழுவுறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிப்பானேன்? அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் இருந்தது. கட்டை நனைக்கச் சொன்னேன். "கெண்டித் தண்ணி இதமா இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மருந்து வந்து சேர்ந்தது. முதல் ஊசி ஏறிய அரைமணி நேரத்தில் லூத்மிலா போன் செய்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"முன்னாடி எடுத்ததுல நாலு பேருக்கும் ஒண்ணுமில்ல. கழுவுனப்புறம் எடுத்ததுல நாலு பேருக்கும் பச்சை."

"மாத்தி எழுதிட்டியோ என்னவோ."

"மாத்தல. நீங்க கை கழுவி அழுக்காயிட்டு வர்றீங்க, ஜிபார். எதுல கழுவுறீங்க?"

போனை வைத்தேனா, போட்டேனா, நினைவில்லை. கெண்டி ரேடியேட்டர் மேல் இருந்தது. மைராம் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளிப்புறம் கண்ணாடியாக ஜொலித்தது. என் முகம் அதில் தெரிந்தது. மூடியைத் திறந்தேன். கழுத்து குறுகல், விரல் போகாது. இடுக்கியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு மூக்கின் அடிவரை ஒரு சுற்று சுற்றி இழுத்தேன். வழவழவென்று பாசி மாதிரி வந்தது. முகர்ந்தேன். திராட்சை.

"மைராம்! இதைக் கடைசியா எப்ப முழுசாக் காலி பண்ணின?"

"காலியே பண்ணலையே எஜே. குறையக் குறைய வெந்நீரை ஊத்திக்கிட்டே இருந்தேன். நீங்கதான சொன்னீங்க, எப்பவும் சூடா, நிறைய இருக்கணும்னு."

நான்தான் சொன்னேன். கொதிக்கவைத்த தண்ணீர், அதனால் சுத்தம் என்றும் நான்தான் சொன்னேன். கொதித்தது கெட்டிலில், போய்ச் சேர்ந்தது இரண்டு மாதப் பழைய தண்ணீரில். வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்தத் தண்ணீரில் கழுவி, அந்த ஈரத்தோடு கையுறை மாட்டி, அந்தத் தண்ணீரையே பச்சைப் புண்ணில் துளித்துளியாக விட்டு. நவம்பரில் கெண்டி வந்தது. டிசம்பரில் முதல் கேஸ். எண்ணத் தெரியும் என்று டாக்டரிடம் சொன்னவள் நான்.

மைராமுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பெரியவரு சாகுறதுக்கு மொத நாளு எனக்கு ஆசீர்வாதம் பண்ணாரு எஜே. என் கையால கழுவிட்டு... எல்லாரும் பண்ணாங்களே."

 நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிறகு எழுந்து கெண்டியைக் குளோரின் வாளியில் அமுக்கி, எல்லோருக்கும் கையில் தேய்க்கிற ஸ்பிரிட் புட்டியை எடுத்துவைத்தேன்.

டாக்டர் குபாத் அறிக்கைத் தாளோடு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் பழகிய பாதையில்தான் அவருக்கும் கால் போகும்.

"மேலே யாராவது ஒருத்தர் பேரு கேப்பாங்க. துப்புரவுப் பணியாளர் கவனக்குறைவுன்னு போட்டுட்டா முடிஞ்சுது. மைராமுக்கு வேற எடத்துல வேலை பாத்துத் தரேன்."

"கெண்டி யார் சீதனம் டாக்டர்?"

"ஜிபார், ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு உனக்கு."

"அதான் கேக்குறேன். யார் சீதனம்?"

தாளை அவர் கையிலிருந்து வாங்கி நானே எழுதினேன். பெயர், தேதி, கெண்டி, நாலு நோயாளிகள். செத்துப்போன பெரியவரின் பெயரை முதலில் எழுதினேன். அலமாரியில் ஒளித்துவைத்ததையும் எழுதினேன். பாராட்டுத் தாளைக் கழற்றிக் குப்பையில் போட்டேன், கண்ணாடி உடைந்தது.

ஞாயிறு இரவு காய்ச்சல் இறங்கியது. திங்கள் காலையில் டாக்டர் அறுவை அறையிலிருந்து வெளியே வரும்வரை நான் வராந்தாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை தப்பிவிட்டது என்றார். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போய்விட்டன.

மயக்கம் தெளிந்து, கஞ்சி குடித்து, மாமியார் அழுது ஓய்ந்து போன பிறகு, மஹ்புபாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன். வழக்கமாக நான் உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை. அதிலேயே அவள் உஷாராகிவிட்டாள்.

"மூணு விரலால மாவை அறைய முடியுமா எஜே?"

"முடியும்."

"உங்களுக்கு ரொட்டி சுடத் தெரியுமா?"

"தெரியாது."

பிறகு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கெண்டி என்னுடையது, யோசனை என்னுடையது, கட்டுப் போட்ட கை என்னுடையது. இதமாக இருக்கிறதென்று நீ சொன்னாயே, அந்தத் தண்ணீர்தான்.  முடித்ததும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குத் திட்டு எனக்குப் பழக்கம்.

மறுநாள் கட்டு மாற்றும் நேரம். வேறு நர்ஸை அனுப்பலாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். ஸ்பிரிட்டை ஊற்றிக் கையில் தேய்த்தேன். காய்வதற்காக உதறினேன், கழுவிய கையை உதறினால் வீட்டுக்கு ஆகாது என்பதால் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி "அல்லாவே" என்றாள். கையுறையை எடுத்தேன்.

"அதை வைங்க," என்றாள் மஹ்புபா. நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "மொதல்ல கையைக் காட்டுங்க."

நீட்டினேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இருபத்தேழு வருஷமாக ஊரார் கையையெல்லாம் திருப்பிப் பார்த்தவளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"இன்னொரு தடவை."

"மஹ்புபா, இப்பத்தான்..."

"இன்னொரு தடவை. நான் எண்ணுறேன்."

புட்டியைத் திறந்து ஊற்றினேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கையில்லை. அவள் தன் உஸ்பெக் மொழியில் சத்தமாக, அவசரமில்லாமல் எண்ணினாள். முப்பது என்று சொன்ன பிறகுதான் கையை என் பக்கம் நீட்டினாள்.